ஏரிப் பாசிக்கு பாக்டீரியா விடுவது: முழுமையான வழிகாட்டி

ஏரி முழுக்கப் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல ஆன பிறகுதான் பெரும்பாலானவர்களுக்குப் பாக்டீரியா ஞாபகம் வருகிறது. டப்பா வாங்குகிறார்கள், படகில் ஏறித் தெளிக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்தும் ஏரி பச்சையாகவே கிடக்கிறது. "எல்லாம் ஏமாற்று வேலை" என்று விட்டுவிடுகிறார்கள். சரக்கு மோசமாக இருந்திருக்கலாம்தான். ஆனால் நான் பார்த்தவரையில் தவறு பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. கீழே உள்ள பன்னிரண்டு படிகளில் பாக்டீரியா விடுவது பத்தாவது. அதை முதலில் செய்தால் மற்ற படிகளை அப்புறம் எப்படியும் செய்யத்தான் வேண்டியிருக்கும், கையில் சரக்கு மட்டும் மிஞ்சாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கடையில் கிடைக்கும் பாக்டீரியா பாசியைக் கொல்லும் மருந்து அல்ல. அடியில் கிடக்கும் மட்கைத் தின்கிறது, தண்ணீரில் உள்ள சத்துக்குப் பாசியோடு போட்டி போடுகிறது, அம்மோனியாவை நைட்ரேட்டாகவும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றுகிறது. அந்த வாயு குமிழியாகக் காற்றில் போய்விடும். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பாக்டீரியா தின்ற பாஸ்பரஸ் அதன் உடம்பில் இருக்கும், அது செத்தால் திரும்பத் தண்ணீருக்கே வரும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதிப் படிகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி சில ஹெக்டேர் அளவுள்ள ஏரி, குளங்களுக்கானது. நூற்றுக்கணக்கான ஹெக்டேர் ஏரியில் படகு படகாகப் பாக்டீரியா கொட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

1. வந்திருப்பது எந்தப் பாசி என்று பாருங்கள்

பச்சையாக இருப்பதெல்லாம் ஆபத்தான பாசி இல்லை. நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சையனோபாக்டீரியாதான் நஞ்சு உண்டாக்கும். பேரில் பாசி இருந்தாலும் அதுவும் ஒரு பாக்டீரியாதான்.

கையுறை போட்டுக்கொண்டு, நீளமான குச்சி ஒன்றைப் பச்சைப் படலத்தில் விட்டுத் தூக்குங்கள். தலைமுடிபோல இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் இழைப்பாசி. குச்சியில் பெயிண்ட் பூசினதுபோல ஒட்டினால் சையனோபாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு ஏரித் தண்ணீர் எடுத்து, மூடி, குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை எல்லாம் மேலே வளையமாக ஒதுங்கி நின்றால் சையனோபாக்டீரியா என்று சந்தேகப்படலாம். அதன் செல்களுக்குள் காற்றுப்பைகள் உண்டு, அதனால் மிதக்கும். சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் படியும்.

இந்த இரண்டு சோதனையும் நஞ்சு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கும் தற்காலிக வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். குளிக்க, நீந்தப் பயன்படும் தண்ணீருக்கு 24. கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு போகாது. தண்ணீர் ஆவியாகி நஞ்சு அடர்த்தியாவதுதான் மிச்சம். அந்த ஏரியில் ஆடு, மாடு, நாய் தண்ணீர் குடித்தால் அன்றே தடுத்துவிடுங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடிநீர் எடுக்கும் ஏரி என்றால் பொறுப்பில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். பாக்டீரியா விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று அங்கே நீங்களாக இறங்காதீர்கள்.

2. எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் தங்குகிறது

ஏரியின் பரப்பை வரைபடச் செயலியில் எடுத்துவிடலாம். ஆழத்தை அப்படி எடுக்க முடியாது. கயிற்றில் கல் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, படகில் குறுக்கும் நெடுக்கும் போய்ப் பதினைந்து இருபது இடத்தில் இறக்கிப் பாருங்கள். எல்லாவற்றின் சராசரிதான் நமக்கு வேண்டியது. புதிதாக வருபவர்கள் நடு ஏரியில் ஒரே ஒரு இடத்தில் அளந்து அதை வைத்தே பெருக்கிவிடுவார்கள். கிண்ணம்போல உள்ள ஏரியில் சராசரி ஆழம் ஏறக்குறைய நடு ஆழத்தில் பாதிதான். டோஸ் இரட்டிப்பாகிவிடும்.

1 ஹெக்டேர் பரப்பு, சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 15,000 கன மீட்டர் தண்ணீர்.

அடுத்து, வெளியேறும் இடத்தில் ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று பாருங்கள். பத்து லிட்டர் வாளி ஒரு வினாடியில் நிரம்பினால் நாளுக்கு 864 கன மீட்டர். அப்படியானால் இந்த ஏரியின் தண்ணீர் சுமார் 17 நாளில் மாறிவிடுகிறது. தங்கும் நாள் ஒரு வாரத்துக்கும் கீழே இருந்தால் தண்ணீரில் பாக்டீரியா விடுவது மதகு வழியாகப் பணத்தை ஊற்றுவதுதான்.

3. தண்ணீரைச் சோதியுங்கள், அதுவும் விடியற்காலையில்

கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, பிஹெச், அம்மோனியா, மொத்த பாஸ்பரஸ், தெளிவு. இந்த ஆறும் போதும். ஒரு வாரமாவது எடுங்கள்.

ஆக்சிஜனைச் சூரியன் உதிக்கும் முன் அளக்க வேண்டும். மேலே ஒன்று, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று. பகல் முழுக்கப் பாசி ஆக்சிஜனை விடும். நல்ல வெயிலில் ஆக்சிஜன் மீட்டர் லிட்டருக்கு 12, 14 மில்லிகிராம் என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. அதைப் பார்த்து "ஆக்சிஜன் நிறைய இருக்கிறதே" என்று முடிவு கட்டுவார்கள். இரவில் அதே பாசி ஆக்சிஜனைத் தின்னும். விடியலில் 2-க்குக் கீழே இறங்கியிருக்கும். ஏரியின் உண்மையான நிலை அந்த விடியல் எண்தான்.

பிஹெச் நேர் எதிர். அதைப் பிற்பகலில் பாருங்கள். பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஹெச் 9-ஐத் தாண்டிப் போகலாம். அந்த நிலையில் அம்மோனியாவில் பெரும்பங்கு மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்கும். பெரும்பாலான சரக்குகள் 6.5-இலிருந்து 8.5 வரைதான் நன்றாக வேலை செய்யும்.

பாஸ்பரஸில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்துப் பெட்டியை வாங்கிச் சோதிப்பார்கள், பூஜ்யம் காட்டும். "எங்கள் ஏரியில் பாஸ்பரஸே இல்லை" என்பார்கள். அந்தப் பெட்டி தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மட்டும் பார்க்கிறது. ஏரி பச்சையாக இருக்கும்போது கரைந்ததையெல்லாம் பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது, இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள். அதனால் ஆய்வகத்தில் மொத்த பாஸ்பரஸ் என்று கேட்டு எடுங்கள். லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டினாலே பாசி கட்டுவதற்கான சத்து இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பெட்டியில் உள்ள மிகச் சிறிய கோடே பெரும்பாலும் இதைப்போலப் பல மடங்கு.

தெளிவுக்கு 20 சென்டிமீட்டர் அகல வட்டத்தட்டு ஒன்றைக் கால் கால் பங்காகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்து, கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். செக்கி தட்டு என்பார்கள். ஒரே ஆள், ஒரே நேரம், படகின் நிழல் பக்கம். இல்லாவிட்டால் எண்களை ஒப்பிட முடியாது.

4. சேற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பாக்டீரியாவுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது இந்தப் படி. சோம்பலில் இதைத் தாண்டிவிடாதீர்கள்.

அளவுக் குறி போட்ட இரண்டு கழிகள் வேண்டும். ஒன்றின் நுனியில் தட்டையான பலகை. அது சேற்றின் மேல் வந்து நிற்கும். இன்னொன்று கூர்மையானது. அதைக் கெட்டித் தரை தட்டும்வரை அழுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேற்றின் தடிமன். பத்து இடத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அப்புறம் ஒரு பிடி சேறு எடுத்துக் கையுறையோடு விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டி, வாடை இல்லாமல் பழுப்பாக இருந்தால் அது அடித்துக்கொண்டு வந்த வண்டல் மண். எந்தப் பாக்டீரியாவும் மண்ணைத் தின்னாது, தூர்தான் வார வேண்டும். கன்னங்கரேலென்று வழுவழுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் அது மட்கு. நடுவில் பாதி அழுகிய இலைத் துணுக்குகூடத் தெரியும். பாக்டீரியா தின்னக்கூடியது இதைத்தான். சந்தேகமாக இருந்தால் ஆய்வகத்தில் 550 டிகிரியில் எரித்து எத்தனை சதவீதம் எடை குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவுதான் கரிமப் பொருள்.

"ஆறு மாதத்தில் சேறு முழுக்கக் கரையும்" என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

5. உள்ளே வரும் சத்தை அடைத்துவிடுங்கள்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் 15,000 கன மீட்டர் ஏரியில் மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். அப்படி இருந்தால் ஏரி நன்றாகவே பச்சையாக இருக்கும். ஆனால் தண்ணீரில் உள்ள பாஸ்பரஸ் மொத்தமும் ஒன்றரை கிலோதான். 50 கிலோ டிஏபி உர மூட்டை ஒன்றில் பாஸ்பரஸ் மட்டுமே சுமார் 10 கிலோ. மேட்டு நிலத்தில் போட்ட உரத்தில் ஏழில் ஒரு பங்கு மழையில் வழிந்து வந்தாலே போதும், அந்தப் பருவத்துக்கான பாசி தயார்.

அதனால் பெருமழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்த வாய்க்காலில் கலங்கல் வருகிறது, எங்கே சாக்கடை இறங்குகிறது, எந்தப் பக்கம் மாடு இறங்கிக் கரையை மிதித்திருக்கிறது, புல்வெட்டுகிறவர் குப்பையை எங்கே தள்ளுகிறார். வெயில் நாளில் இது எதுவும் கண்ணில் படாது.

எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. பெரியது ஒன்றிரண்டை அடைத்தால் போதும்: வாய்க்கால் முகத்தில் சேறு தங்க ஒரு குட்டை, கரையோரம் சில மீட்டர் அகலத்துக்கு வெட்டாத புல், கழிவுநீர்க் குழாய்க்கு வேறு வழி. மீனுக்கும் வாத்துக்கும் தீனி கொட்டுகிறவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேச வேண்டியிருக்கும். அது கழிவுநீரைத் திருப்புவதைவிடக் கஷ்டம், என் அனுபவத்தில்.

6. காற்று முதலில், பாக்டீரியா அப்புறம்

இந்த வரிசையை மாற்றவே கூடாது. காரணம் இரண்டு.

முதல் காரணம், மட்கைத் தின்னும் வேலைக்கு ஆக்சிஜன் செலவாகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்கவே சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரில் இயல்பாகக் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். கையிருப்பு அவ்வளவு குறைவு.

இரண்டாவது காரணம் அடிச்சேறு. சேற்றின் மேல்புறத்தில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வடிவம் மாறிக் கரைந்துபோகும், பிடித்திருந்த பாஸ்பரஸும் விடுபட்டு மேலே வரும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும் ஏரி தனக்குத்தானே உரம் போட்டுக்கொள்ளும் நிலை இது.

அதனால் அடியிலிருந்து குமிழி விடும் காற்றுத் தட்டுகள்தான் வேண்டும். மேலே தண்ணீரைச் சிதறடிக்கும் நீரூற்று பார்க்க அழகு. ஆழமான ஏரியில் அடிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. விடியலில் அடியில் குறைந்தது 3 அல்லது 4 மில்லிகிராம் வந்து அப்படியே நிற்க வேண்டும். அது வரும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஏரேட்டரை முதல் நாளே முழு நேரமும் ஓடவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மாதக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த அடித்தண்ணீரும் அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் ஒரேயடியாக மேலே வரும், மீன் செத்து மிதக்கும். முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி, அப்புறம் இரண்டு என்று நாளுக்கு இரட்டிப்பாக ஏற்றுங்கள். ஒரு வாரத்தில் முழு நேரத்துக்கு வந்துவிடலாம்.

7. பாசிப் பெருக்கம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால்

இந்தப் பருவத்தை விட்டுப்பிடியுங்கள் என்பதுதான் என் யோசனை. பாக்டீரியா பாசி கட்டுவதற்கு முன் விட வேண்டியது. தண்ணீர் சூடேறத் தொடங்கி 15 டிகிரியைத் தாண்டும் சமயம் நல்ல தொடக்கம். எப்போதுமே வெதுவெதுப்பான இடங்களில் பாசி வழக்கமாகக் கட்டும் காலத்துக்கு ஆறு எட்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான சரக்கு தூங்கும்.

காத்திருக்க முடியாத நிலை என்றால், காற்று ஒதுக்கித் தள்ளிய மூலையில் மிதக்கும் படலத்தை அள்ளி எடுங்கள். அதோடு பாஸ்பரஸும் வெளியே போகிறது. அள்ளியதைத் திரும்ப ஏரிக்கே வடியாத இடத்தில் போட வேண்டும்.

செம்பு உப்பு போன்ற பாசிக்கொல்லிகளை அனுமதியோடு, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துத்தான் போட வேண்டும். ஒரே நாளில் முழு ஏரிக்கும் போடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போட்டு, 10 முதல் 14 நாள் விட்டு அடுத்த பகுதி. மொத்தமாகச் சாகும் பாசி அழுகி ஆக்சிஜனை இழுத்துவிடும். செல்கள் உடைந்து உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும். பச்சை போய்த் தெளிந்ததும் "சரியாகிவிட்டது" என்று மாட்டை இறக்குகிறார்கள். நஞ்சைப் பொறுத்தவரை ஆபத்தான நாட்கள் அவைதான்.

செம்பு பாக்டீரியாவையும் கொல்லும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டுச் சரக்கைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

8. சரக்கைத் தேர்ந்தெடுப்பது

லேபிளில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: எந்த இனம், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள அலகு, தயாரித்த தேதி, எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும். "சிறப்பு நுண்ணுயிர்க் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லிக்கனிஃபார்மிஸ், பேசில்லஸ் அமைலோலிக்குஃபேசியன்ஸ் போன்றவை மட்கு தின்பவை. இவை வித்து வடிவில் உலர்ந்து கிடக்கும், அலமாரியில் நெடுநாள் தாங்கும். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் அம்மோனியாவைக் கவனிப்பவை. இவற்றுக்கு வித்து கிடையாது. வெயிலில் நின்ற வண்டியில் இரண்டு நாள் வந்த நைட்ரோபேக்டர் பாட்டிலில் உயிர் இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. ஸ்பிங்கோமோனாஸ் வகையைச் சேர்ந்த சிலவற்றில் அதற்கான மரபணுக்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சாக்கிட்டு "நஞ்சை நீக்கும்" என்று எழுதிய டப்பாவை நம்பி யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

பல நாடுகளில் பாசியைக் கொல்லும் என்று சொல்லி விற்க வேண்டுமானால் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்ய வேண்டும். பல டப்பாக்களில் "தண்ணீரைத் தெளிவாக்கும்", "சேற்றைக் குறைக்கும்" என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பொது ஏரி என்றால் எதை விடுவதற்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

9. வாளிச் சோதனை

மூன்று வாரம் ஆகும், அதனாலேயே இதைச் செய்ய ஆளில்லை. செய்தவர்கள் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இருபது லிட்டர் வாளி ஒன்பது. ஒவ்வொன்றிலும் நாலு விரல் கனத்துக்கு ஏரிச் சேறு, மேலே ஏரித் தண்ணீர். மூன்று வாளிகளை அப்படியே விடுங்கள். மூன்றில் மீன்தொட்டிக் காற்றுக்கல் மட்டும் போடுங்கள். மூன்றில் காற்றுக்கல்லும் பாக்டீரியாவும். எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம் வேண்டும். வரிசையாக அடுக்காமல் கலைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுவரோரத்து மூன்றும் நிழலில் நின்று உங்களை ஏமாற்றும்.

காற்றுக்கல் மட்டும் போட்ட மூன்று எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் முறை செய்தபோது நானும் அதை விட்டுவிட்டேன். பாக்டீரியா வாளிகள் பளிச்சென்று தெளிந்தன, சந்தோஷமாக இருந்தது. அடுத்த முறை காற்று மட்டும் உள்ள வாளிகளையும் வைத்தேன். அவையும் ஏறக்குறைய அதே அளவு தெளிந்தன. மேலே மிதந்த பச்சை வளையம் இரண்டிலும் ஒரே வாரத்தில் உடைந்தது. வித்தியாசம் சேற்றில்தான் இருந்தது: பாக்டீரியா போட்டதில் குச்சி விட்டுக் கிளறினால் முட்டை நாற்றம் வரவில்லை, மற்றதில் லேசாக வந்தது.

உங்கள் வாளிகளில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாவிட்டால் ஏரேட்டரோடு நின்றுகொள்ளுங்கள். குளத்துக்குள் தடுப்புக் கட்டிச் செய்த ஆய்வுகளிலும் கடைச்சரக்கு பாசியைக் குறைக்கவில்லை என்று முடிவு வந்தது உண்டு.

10. டோஸ் கணக்கு, கரைப்பது, விடுவது

லேபிள் கிராமுக்கு 500 கோடி உயிர் என்கிறது. 10,000 கன மீட்டருக்கு ஒரு கிலோ போடுகிறீர்கள். பரவலாகக் கலந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 500 வரும். ஏரித் தண்ணீரில் இயல்பாகவே மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். சேற்றில் அதைவிடவும் பல மடங்கு அதிகம்.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சிலர் டோஸை நூறு மடங்காக்க நினைக்கிறார்கள். அதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே அங்கே பெரிய கூட்டம் இருக்கிறது. அது வேலை செய்யாததற்குக் காரணம் ஆக்சிஜன் பஞ்சம். ஆறாவது படி அந்தக் கூட்டத்தை எழுப்புகிறது. நாம் விடுவது ஒரு கூடுதல் கை, அவ்வளவுதான். அதனால் ஒரேயடியாகக் கொட்டுவதைவிட லேபிள் அளவை ஒரு வார, இரண்டு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப விடுவது மேல். விட்டதைச் சின்ன உயிர்கள் மேய்ந்துவிடும், தண்ணீர் அடித்துக்கொண்டும் போகும்.

கரைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். குளோரின் நாம் போட்டதையே முதலில் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரில் அதுவும் நடக்காது. அந்த ஏரித் தண்ணீரையே தெளிவான பக்கமாக மொண்டு, வடிகட்டி எடுங்கள். தூளைக் கொட்டிக் கிளறி, காற்றுக்கல் போட்டு, லேபிள் சொல்லும் நேரம்வரை ஊறவிடுங்கள். நல்ல கரைசலில் ஈர மண் வாசமோ லேசான புளித்த மாவு வாசமோ வரும். பிணவாடை அடித்தால் வேறு எதுவோ வளர்ந்துவிட்டது. கொட்டிவிடுங்கள், ஏரியில் அல்ல.

கரும்பாலைப் பாகு சேர்ப்பதில் கை தாராளம் வேண்டாம். ஒரு முறை மேகமூட்டமான நாளில், காற்றே இல்லாத மாலையில், பாகு கூடுதலாகப் போட்ட கரைசலை இரண்டு டோஸாகச் சேர்த்து விட்டேன். விடியலில் போனால் மீன்கள் எல்லாம் நீர் வரத்து வாயில் கூட்டமாக நின்று மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மீட்டர் 1.4 காட்டியது. பாகு என்பது பாக்டீரியாவுக்குத் தீனி. அது தீனியைத் தின்னும்போது ஆக்சிஜனையும் சேர்த்துத்தான் தின்னும். இப்போதெல்லாம் இரண்டு நாள் வெயில் தெரிந்தால்தான் விடுவேன்.

நேரம்: ஏரேட்டர் இரவெல்லாம் ஓடுமானால் வெயில் தாழ்ந்த பிறகு. ஓடாது என்றால் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கழித்து. உச்சி வெயிலில் மேற்பரப்பில் தெளித்தால் புறஊதாக் கதிர் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இடம்: சேறு கனமான பகுதிகளில், நாலாவது படியில் போட்ட குறிப்பை வைத்துக்கொண்டு. அங்கே அடியில் போய் அமரும் வில்லை நல்லது. கரைசலை வரத்துப் பக்கம் விட்டால் பரவும்; மதகுப் பக்கம் விட்டால் போயே போய்விடும். முடிந்தால் மதகை ஓரிரு நாள் மூடி வையுங்கள்.

11. குறிப்பேடு

வாரம் ஒரு முறை விடியல் ஆக்சிஜன், தட்டு மறையும் ஆழம், வெப்பநிலை, பிஹெச். மாதம் ஒரு முறை அம்மோனியா, மொத்த பாஸ்பரஸ். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே பத்து இடத்தில் சேற்றுத் தடிமன். மழை, காற்று, டோஸ் விட்ட நாள் எல்லாம் அதே பக்கத்தில்.

எல்லாம் சரியாக இருந்தால் முதலில் நாற்றம் குறையும், சில வாரத்தில். அப்புறம் அம்மோனியா. தெளிவு ஏறி இறங்கி ஏறும். சேறு ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு வாரம் பச்சை திரும்பினால் பதறி டோஸைக் கூட்டாதீர்கள். முதலில் முந்தின வாரத்து மழைக் குறிப்பைப் புரட்டுங்கள்.

நைட்ரஜன் நன்றாகக் குறைந்து பாஸ்பரஸ் அப்படியே இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. டோலிக்கோஸ்பெர்மம், அஃபனிசோமெனான் போன்ற சில சையனோபாக்டீரியாக்கள் காற்றிலிருந்து தண்ணீரில் கரையும் நைட்ரஜனையே பிடித்துச் சாப்பிடும். போட்டியாளர்கள் பட்டினி கிடக்க அவற்றுக்கு மட்டும் விருந்து.

12. பாஸ்பரஸுக்கு வாசல் வெட்டுங்கள்

பாஸ்பரஸ் தானாக வெளியேறாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது அடியில் கட்டிப்போட வேண்டும்.

தூக்கிப் போக எளிய வழி செடி. மிதக்கும் படுக்கைகளில் கோரை, சம்பு போன்றவற்றை வளர்த்து, அவை காய்ந்து விழும் முன் அறுத்துக் கரைக்கு வெளியே கொண்டுபோங்கள். அறுக்காமல் விட்ட படுக்கை அடுத்த பருவத்தில் அங்கேயே அழுகிச் சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வைத்த படுக்கைகளை அறுக்க மறந்த ஏரிகளை எண்ணிச் சொல்லவே எனக்கு விரல் போதாது. மட்குச் சேறு கனமாக இருந்தால் தூர் வாருவது இதைவிட வேகம்.

கட்டிப்போட படிகாரமோ லாந்தனம் என்ற உலோகம் ஏற்றிய களிமண்ணோ போடுவது உண்டு. ஐந்தாவது படி முடியாமல் இதைச் செய்தால் ஓரிரு மழையில் புதிதாக வரும் பாஸ்பரஸ் மேலே வந்து உட்கார்ந்துவிடும். படிகாரம் பிஹெச்சை இறக்கும். காரத்தன்மை குறைந்த ஏரியில் மீனைக் கொன்றுவிடும். அதனால் ஜாடியில் சின்ன அளவில் போட்டுப் பிஹெச் 6-க்குக் கீழே இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ஏரியில் கை வைக்க வேண்டும். பாக்டீரியா டோஸ் நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்தி, படிகாரம் படிந்து பிஹெச் பழைய நிலைக்கு வந்த பின் தொடருங்கள்.

அடுத்த பருவத்துக்கு முன் மூன்றாவது படியை மறுபடி எடுங்கள். விடியல் ஆக்சிஜன் நிற்கிறது, மொத்த பாஸ்பரஸ் பாதியாகிவிட்டது என்றால் டோஸை நிறுத்திப் பாருங்கள். ஏரேட்டரை நிறுத்தாதீர்கள்.